நன்றாக இருந்த பந்தை ஏன் எடுத்தார்கள்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 74 வயது. மார்கழியில் விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவர் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். முதலில் முட்டிதான் வலிக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தார். ஆனால் அம்மாவால் காலை ஊன்றவே முடியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, மூட்டில் இருக்கும் எலும்புப் பந்தை மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. எடுத்த பந்தை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கல்லூரியில் படிக்கும் என் மகன் பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தபோது, கையை ஒரு பையில் தொங்கவிட்டதோடு சரி. ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. அம்மாவுக்கே எட்டு வருடத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்து, புத்தூர்க் கட்டில்தான் சரியானது. “கட்டுப் போட்டிருந்தால் இதுவும் கூடியிருக்கும். நல்ல எலும்பை வெட்டி எறிந்துவிட்டார்கள், நீ ஏமாந்துவிட்டாய்” என்று என் தாய்மாமா சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் அவசரப்பட்டுவிட்டேனா? இப்போது ஏழு வாரம் ஆகிறது. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். பழையபடி தரையில் உட்காரலாமா?

– கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனசில் இருக்கிற பாரத்தை இறக்கிவிடுகிறேன். நீங்கள் ஏமாறவில்லை, அவசரப்படவும் இல்லை. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறீர்கள். முடிந்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே செய்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எக்கோ, ரத்தப் பரிசோதனை, மயக்க மருத்துவரின் ஒப்புதல் என்று மூன்றாம் நாள் ஆகிவிடுவது நம் ஊரில் சகஜம்தான்.

அந்த டப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இடத்தில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதைக் காட்டுகிற ஆள் நான்தான், எத்தனையோ முறை. ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்து, “இதுதான் எடுத்தது, பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அரை நிமிடம்கூட ஆகாது. பார்ப்பவர்கள் ஏதோ கேட்க வாயெடுப்பார்கள். அதற்குள் கதவு மூடிவிடும். அங்கே கேட்க முடியாமல் போன கேள்வியைத்தான் நீங்கள் இங்கே கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் மூன்று எலும்புகள் முறிந்திருக்கின்றன. மகனின் காறை எலும்பு, அம்மாவின் மணிக்கட்டு, இப்போது இது. முதல் இரண்டும் தானாகக் கூடின, மூன்றாவது மட்டும் ஏன் கூடாது என்கிறார் மாமா. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் கை உடம்போடு சேர்ந்திருக்கிற விதம் வேறு, கால் சேர்ந்திருக்கிற விதம் வேறு. அதைவிட முக்கியம், அந்த மூன்று இடங்களுக்கும் ரத்தம் வந்து சேருகிற வழி வேறு வேறு.

முதலில் மகனின் எலும்பு. உங்கள் இடது கை விரல் நுனியைத் தொண்டைக்குழிக்கு வலது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒரு முண்டு தட்டுப்படும். விரலை எடுக்காமல் வலது கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். முண்டு அசைவது தெரிகிறதா? காறை எலும்பு நெஞ்செலும்போடு சேருகிற மூட்டு அது. தோள், புயம், முழங்கை, விரல் எல்லாம் அடங்கிய அந்த முழுக் கையும் உடம்பின் நடுக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாகச் சேருவது அந்த ஒரே இடத்தில்தான். மற்றதெல்லாம் தசையின் பிடிமானம். முதுகுப்பக்கம் முக்கோணமாக இருக்கும் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. அதில் வந்து பிடிக்கும் தசைகள் மட்டும் 17.

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது சீனியரிடமிருந்து ஒரு பெட்டி எலும்புகள் வாங்கினேன். எல்லா மாணவர்களும் அப்படித்தான் வாங்குவோம். ஒரு ராத்திரி விடுதி அறையில் அந்தத் தோள்பட்டை எலும்பை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நடுப்பகுதியில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது, எண்ணெய்க் காகிதம் மாதிரி. இவ்வளவு மெல்லிய எலும்பை நம்பியா மூட்டை தூக்குகிறோம் என்று வியப்பாக இருந்தது. பளுவைத் தசைகள் பகிர்ந்துகொள்வதால்தான் அந்த எலும்பு அவ்வளவு மெல்லியதாக இருக்க முடிகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

காறை என்பது பழைய கழுத்தணி ஒன்றின் பெயர். கழுத்துக்குக் கீழே அந்த அணி கிடக்கிற இடத்தில் இருப்பதால் எலும்புக்கும் அதே பெயர். அதன் வேலை முட்டுக்கழியின் வேலை. கையை உடம்பிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் நிறுத்தி வைக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் இந்த எலும்பே கிடையாது. அவற்றின் முன்னங்கால்கள் முன்னும் பின்னும் போய் வந்தால் போதும், பக்கவாட்டில் விரிய வேண்டியதில்லை. நமக்கோ மரம் ஏற வேண்டும், கொடியில் துணி போட வேண்டும், முதுகு சொறிய வேண்டும். கருவில் வளரும் குழந்தையின் உடம்பில் முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவது இதுதான், ஐந்தாறு வாரத்திலேயே. கடைசியாக வளர்ந்து முடிவதும் இதுதான். நெஞ்சுப் பக்க முனை ஒட்டி முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆக, உங்கள் மகனுக்கு முறிந்தது இன்னும் வளர்ந்துகொண்டிருந்த எலும்பு.

காறை எலும்பு முறிந்த பிள்ளைகள் மருத்துவமனைக்குள் எப்படி நடந்து வருவார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அடிபட்ட பக்கத்து முழங்கையை மறு கையால் ஏந்திக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் சாய்த்து வருவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 60 கிலோ ஆளுக்கு ஒரு கையின் எடை ஏறக்குறைய 3 கிலோ. அந்த 3 கிலோதான் முறிந்த முனையைக் கீழே இழுக்கிறது. நாங்கள் மாட்டுகிற கைப்பை அந்த மறு கையின் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். மூச்சு விடும்போதெல்லாம் அந்த எலும்பு லேசாக அசையத்தான் செய்யும். இருந்தாலும் கூடிவிடும். ஏனென்றால் அதைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள உறை இருக்கிறது, தசைகள் ஒட்டியிருக்கின்றன, நாலாபுறத்திலிருந்தும் ரத்தம் வருகிறது. பத்தில் எட்டு முறிவுகள் நடுப்பகுதியில்தான் நேரும். முனைகள் மிகவும் விலகிப்போனாலோ, தோலைக் குத்திக்கொண்டு நின்றாலோ, ரத்தக்குழாயோ நரம்போ அடிபட்டாலோதான் பிளேட் வைக்கிற பேச்சு வரும். மகனுக்கு அந்த இடத்தில் இப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். கவலைப்பட வேண்டாம், அது கூடிய எலும்பின் தழும்புதான்.

இனி அம்மா. “இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறோம். அதுவே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கும்போது குடம் எதன் மேல் உட்காருகிறதோ, குழந்தை எதன் மேல் கால் போட்டு உட்காருகிறதோ, அந்த மேடுதான் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு. அது அம்மாவுக்கு முறியவில்லை. முறிந்தது தொடை எலும்பு. அதன் உச்சியில் பந்துக்குக் கீழே இருக்கும் குறுகலான கழுத்துப் பகுதி. மூட்டு இருப்பதும் குடம் வைக்கும் இடத்தில் இல்லை. தொடையும் வயிறும் சேருகிற மடிப்புக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அந்த மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளை முட்டிக்கும் போகிறது. அதனால் மேலே அடிபட்டாலும் சிலருக்கு முட்டியில் வலிக்கும். அம்மா சொன்னதும் உண்மை, அக்கா எண்ணெய் தேய்த்ததும் தப்பில்லை. ஆனால் வயதானவர் விழுந்து, கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், முட்டி வலி என்று அவரே சொன்னாலும் மேலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கழுத்து முறிந்ததும் பெரிய தசைகள் தொடை எலும்பை மேலே இழுத்து வெளிப்பக்கம் உருட்டிவிடுகின்றன. பாதம் அப்படிக் கிடப்பது அதனால்தான்.

தோள் வளையம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது முழு வளையம் இல்லை, பின்னால் திறந்தே கிடக்கிறது. இடுப்பு வளையம்தான் நிஜமான வளையம். இரண்டு இடுப்பெலும்புகளும் பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு உடம்பிலேயே மிக வலுவான நார்களால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னால் ஒன்றோடொன்று சேருகின்றன. பின்பக்க மூட்டில் அசைவு சில மில்லிமீட்டர்தான். உடம்பின் மொத்தப் பாரத்தையும் இறக்கி இரண்டு கால்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற இடம் அப்படி இறுகித்தான் இருக்க வேண்டும்.

தோளில் ஒரு சின்னத் தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி பந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் நழுவியும் விடும். இடுப்பில் அப்படியில்லை. ஆட்டுக்கல்லின் குழியையும் குழவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழம், பந்து அதற்குள் பொருந்தி நிற்கிறது. சின்ன வயதில் மூன்று தனி எலும்புகளாக இருப்பவை அந்தக் குழியின் நடுவில்தான் சந்தித்து, பதின்ம வயதில் ஒரே எலும்பாக ஒட்டுகின்றன. லத்தீனில் அந்தக் குழிக்குக் காடிக் கிண்ணம் என்று பெயர். எனக்கு ஆட்டுக்கல்தான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் கிண்ணத்துக்குள் எதுவும் சுழல்வதில்லை.

குழவி நேராக நிற்கும். தொடை எலும்பு அப்படி நேராக ஏறிக் குழிக்குள் போவதில்லை. வெளியே தள்ளி நின்று, மேலே வந்ததும் உள்பக்கமாகச் சுமார் 125 முதல் 130 பாகை கோணத்தில் கழுத்தை நீட்டுகிறது, தெருவிளக்குக் கம்பம் மேல்கையை நீட்டுகிற மாதிரி. அந்த நீட்டிய கழுத்தின் மேல்தான் நாம் நிற்கிறோம். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடி ஒற்றைக் காலில் நிற்கிறோம் அல்லவா? அப்போது உடம்பு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இடுப்பின் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. உடம்பின் எடையோடு அந்த இழுவையும் சேர்ந்து பந்தின் மேல் இறங்குகிறது. கூட்டிப் பார்த்தால் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு வரும். அம்மா 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்த இடம் 125 முதல் 150 கிலோ வரை தாங்கியிருக்கிறது.

அந்தப் பாரத்தை எலும்பு எப்படித் தாங்குகிறது என்பது அழகான விஷயம். பந்தையும் கழுத்தையும் நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உள்ளே நுண்ணிய எலும்புக் கோடுகள் வளைந்து வளைந்து வரிசையாக ஓடுவது தெரியும். 1866-இல் சூரிச் நகரில் உடற்கூறு அறிஞர் மேயர் இப்படி அறுத்து வைத்திருந்த எலும்பைக் குல்மன் என்ற பொறியாளர் பார்த்தார். பாரந்தூக்கி எந்திரத்தின் வளைந்த கையில் விசை எந்தெந்தக் கோட்டில் ஓடும் என்று வரைவார்களோ, அதே கோடுகள் எலும்புக்குள் இருப்பதைக் கண்டார். வயதாக ஆக அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மெலிகின்றன. கழுத்தின் நடுவில் கோடுகள் குறைவாக உள்ள முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நல்ல வலுவோடு இருக்கும்போதே அது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும். முதுமையில் கிட்டத்தட்ட வெற்றிடமாகிவிடும். நின்ற நிலையிலிருந்து சறுக்கி விழுந்தாலே முறிந்துவிடுவது அதனால்தான்.

சரி, முறிந்தது. ஏன் கூடாது?

நீங்கள் கடலூர் மாவட்டம் என்பதால் கடைமடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடை எலும்பின் பந்து ஒரு கடைமடை வயல். அதற்கு வருகிற ரத்தம் கழுத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரும் குழாய்களிலிருந்து பிரிந்து, கழுத்தின் மேலேயே எலும்போடு ஒட்டினாற்போல் ஓடி, பந்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் வழியாக உள்ளே நுழைகிறது. மாணவப் பருவத்தில் அந்தத் துளைகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன், ஊசியால் குத்தி வைத்தது போல் இருக்கும். பந்தின் உச்சியில் ஒரு சிறு குழி உண்டு. டப்பாவில் பார்த்தபோது நீங்களும் கவனித்திருக்கலாம், விரல் நுனியால் அமுக்கினது போல் இருக்கும். அங்கே ஒரு நார் பிடித்திருக்கும், அதன் வழியாகவும் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று வரும். ஆனால் பெரியவர்களுக்கு அது ஊசிமுனை ஊற்று, அதை நம்பிப் பந்து பிழைக்காது. முக்கியமான வாய்க்கால் கழுத்தின் மேல் ஓடுவதுதான். கழுத்து முறிந்து விலகினால் வாய்க்காலும் அதே இடத்தில் அறுந்துவிடுகிறது.

தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் வயலைப் பாருங்கள், பயிர் பச்சையாகத்தான் இருக்கும். நீங்கள் டப்பாவில் பார்த்தது அதைத்தான். பந்தை மூடியிருக்கும் வெள்ளை வழவழப்பு குருத்தெலும்பு. அது ரத்தத்தை நம்பி இருப்பதில்லை, மூட்டு நீரில் ஊறியே ஊட்டம் பெறுகிறது. அதனால் உள்ளே எலும்புக்கு ரத்தம் நின்றுபோனாலும் மேலே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும். உள்ளே செத்த எலும்பு பாரம் தாங்காமல் நொறுங்கிச் சப்பையாக மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அப்படி நொறுங்கிய பிறகு எடுத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் அதுவரை அம்மா வலியில் கிடந்திருப்பார்.

இன்னும் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. மற்ற எலும்புகள் முறிந்தால் மேலுறையிலிருந்து புது எலும்பு வளர்ந்து, பசை போட்டது போல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மகனுக்கு உண்டான புடைப்பு அப்படி வந்ததுதான். தொடை எலும்பின் கழுத்து மூட்டு உறைக்குள் இருப்பதால் அங்கே அந்த வளர்ச்சி நடப்பதில்லை. போதாததற்கு முறிந்த இடம் மூட்டு நீரில் நனைந்தபடியே இருக்கிறது. மற்ற இடங்களில் முதலில் உறைந்து இணைப்புக்கு அடித்தளம் போடுகிற ரத்தக்கட்டு இங்கே கரைந்துபோகிறது.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. எக்ஸ்ரே வருவதற்கு எழுபது வருடம் முன்பே, 1822-இல், லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர், மூட்டு உறைக்குள்ளே முறிந்தால் கூடுவது அரிது, உறைக்கு வெளியே முறிந்தால் கூடும் என்று பிரித்து எழுதினார். ரத்த ஓட்டம் அறுபடுவதுதான் காரணம் என்றும் சொன்னார். காரணம் தெரிந்தும் செய்வதற்கு வழி இல்லை. பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் 1925-இல் மூன்று விளிம்புள்ள ஆணியால் பந்தைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அப்புறம் அமெரிக்காவில் ஆஸ்டின் மூர் 1940-இல் உலோகப் பந்தைப் பொருத்தினார். அவர் பெயரிலேயே பின்னால் வந்த பந்தை நானும் பயிற்சிக் காலத்தில் எத்தனையோ பாட்டிகளுக்குப் பொருத்த உதவியிருக்கிறேன். குழியையும் சேர்த்து மாற்றும் முழு மூட்டு மாற்றுச் சிகிச்சையை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் நிலைநிறுத்தினார். உங்கள் அம்மாவுக்குப் பந்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவருடைய குழி நன்றாக இருப்பதால் அது போதும்.

“ஸ்க்ரூ போட்டு அதே பந்தைக் காப்பாற்றியிருக்கலாமே?” என்று அடுத்து மாமா கேட்பார். அம்மாவுக்கு 40 வயதாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நானே அதைத்தான் முயன்றிருப்பேன். சொந்த எலும்புக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் 74 வயதில், விலகிப்போன முறிவில் ஸ்க்ரூ போட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தோற்று இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுகிறது. எலும்பு கூடும்வரை காலை ஊன்றவும் விட மாட்டோம். அம்மாவுக்கோ மாற்றியதும் ஓரிரு நாளில் எழுந்து நிற்க வைத்திருப்பார்கள். அந்த வயதில் படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு வாரமும் ஆபத்து. நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும். “விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்தவங்க எழுந்திருக்க மாட்டாங்க” என்று நம் பெரியவர்கள் சொன்னது கண்ணால் பார்த்த உண்மை. அன்றைக்கு எலும்பு முறிவைவிடப் படுக்கைதான் அவர்களைக் கொண்டுபோனது.

புத்தூர்க் கட்டைப் பற்றி. ஆந்திராவின் புத்தூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அவர்களை இழிவாகப் பேசுகிறவன் நான் இல்லை. அம்மாவின் மணிக்கட்டு அங்கே கூடியது உண்மை. அந்த முறிவு எங்கே நேர்ந்தது என்று பாருங்கள். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறியும். 1814-இல் டப்ளின் நகரில் ஆப்ரகாம் கோலீஸ் விவரித்த முறிவு அது. அங்கே எலும்பு பஞ்சு போன்றது, ரத்தம் தாராளம், தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, இரண்டு பக்கமும் சிம்பு வைத்துக் கட்ட முடியும். மூங்கில் சிம்பு வைத்தாலும் மாவுக்கட்டுப் போட்டாலும் கூடும். கொஞ்சம் வளைந்து கூடினாலும் சோறு பிசையலாம், கோலம் போடலாம். தொடை எலும்பின் கழுத்தோ சதைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எவ்வளவு கட்டினாலும் அதைப் பிடிக்க முடியாது. மாவுக்கட்டாலும் முடியாது, என்னாலும் முடியாது. அப்படிக் கட்டுப் போட்டு வீட்டிலேயே ஐந்து மாதம் படுக்க வைத்திருந்த ஒரு தாத்தாவை என்னிடம் கொண்டுவந்தார்கள். கால் இரண்டு அங்குலம் ஏறிப்போய், முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. பாசத்தோடு பார்த்துக்கொண்ட குடும்பம்தான் அது. யாரும் அவர்களுக்கு விவரம் சொல்லவில்லை. (எந்த எலும்புக்கு யார் கட்டினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். விரல்கள் மரத்து, நீலம் பாரித்து, வலி தாங்காமல் போனால் அந்தக் கட்டை உடனே பிரிக்க வேண்டும், எங்கள் மாவுக்கட்டையும் சேர்த்துத்தான்.)

தொடை எலும்பில் பந்துக்குக் கீழே, கழுத்தும் தண்டும் சேருகிற மேட்டுப் பகுதியில் முறிகிற இன்னொரு வகை உண்டு. அங்கே ரத்தம் உண்டு, எலும்பு கூடும். மாமா யாரையாவது காட்டி “அவருக்குக் கூடியதே” என்றால் அது இந்த வகையாக இருக்கலாம். அதற்கும் ஆபரேஷன்தான் நல்லது, கால் குட்டையாகிக் கோணலாகக் கூடாமல் இருக்கவும் சீக்கிரம் நடக்க வைக்கவும்.

இனி, அம்மா இப்போது செய்ய வேண்டியவை. தரையில் உட்கார வேண்டாம். சம்மணம், குத்துக்கால், தாழ்வான முக்காலி, இந்திய முறைக் கழிப்பறை எதுவும் வேண்டாம். எவ்வளவு காலத்துக்கு என்றால், முதல் மூன்று மாதம் கண்டிப்பாக. அதற்குப் பிறகும் நான் அனுமதிப்பதில்லை. தொடை வயிற்றை நோக்கி மிகவும் மடங்கி, பாதம் உள்பக்கம் திரும்பினால் புதுப் பந்து குழியிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்துவிடக்கூடும். சொந்தப் பந்தைப் பிடித்திருந்த நாரும் உறையும் இப்போது பழையபடி இல்லை. உட்காரும் நாற்காலி முட்டி உயரத்துக்கு மேல் இருக்கட்டும். படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும். கால்மேல் கால் போட வேண்டாம். எந்தப் பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இதில் சின்ன வித்தியாசங்கள் வரும், அதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது பெரும்பாலோர் ஒரு தப்புச் செய்கிறார்கள். வலது கால் சரியில்லை என்றால் தடியையும் வலது கையில் பிடிப்பார்கள். இடது கையில்தான் பிடிக்க வேண்டும். மேலே சொன்ன பக்கத் தசை ஞாபகம் இருக்கிறதா? வலது காலில் நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் சாயப் பார்க்கும். இடது கைத் தடி அந்தப் பக்கம் தாங்கிக்கொண்டால் வலது இடுப்பின் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, பந்தின் மேல் பாரமும் நன்றாகக் குறையும். பிசியோதெரபி என்றால் காலை நீவிவிடுவது என்று நினைத்துவிடாதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, நடுவில் தலையணையோடு, வலது காலை நேராகத் தூக்கி இறக்குவதுதான் அந்தப் பக்கத் தசைக்கான பயிற்சி. தசைக்கு வலு வராமல் தடியை விட்டால் நடை சாய்ந்து சாய்ந்துதான் வரும். தொடங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பக்கத்தில் இருந்து காட்டித் தரட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. என் கவலை அதில்தான் அதிகம். எட்டு வருடத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்தபோதே அம்மாவின் எலும்புகள் மெலியத் தொடங்கிவிட்டன என்பது தெரிந்திருக்க வேண்டும். கட்டுப் போட்டவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எங்களைப் போன்றவர்களிடம் வந்திருந்தாலும் பல நேரம் மாவுக்கட்டோடு அனுப்பிவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், ஸ்கேன் பார்க்கும் முன்பே அது எலும்புப்புரை என்று எடுத்துக்கொள்ளலாம். இடது காலிலும் அதே எலும்புதான் இருக்கிறது. அடுத்த முறை ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்க்கும்போது, “எலும்புப்புரைக்கு மருந்து தொடங்க வேண்டுமா?” என்று நீங்களே கேளுங்கள். வாரம் ஒரு மாத்திரையும் உண்டு, வருடம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு என்று பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று அவர் சொல்வார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்று வந்தால் அது எலும்புப்புரையை உறுதி செய்யும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கூழோ அடையோ அம்மாவுக்குப் பிடித்த மாதிரி கொடுங்கள். ஆனால் இந்த நிலையில் கேழ்வரகு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். அம்மாவின் மேல் இருக்கிற பாசம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் அவருக்குக் காட்டி, பந்து எங்கே, கழுத்து எங்கே, இரண்டுக்கும் நடுவே இடைவெளி எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கடைமடைக் கதையையும் சொல்லுங்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்தால் என்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும்.

அடுத்த மார்கழியில் அம்மா வாசலுக்கு வரட்டும், நன்றாக விடிந்த பிறகு, பிடிமானமுள்ள செருப்போடு, இடது கையில் தடியோடு. தண்ணீர் தெளிப்பதையும் குனிந்து கோலம் போடுவதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி உயரத்துக்கு மேல் ஒரு நாற்காலியைத் திண்ணையோரம் போட்டுவிட்டால், எந்தப் புள்ளி தப்பிப்போயிற்று என்று அங்கிருந்தே சொல்வார்.